காற்றில் எத்தனை கிராம் தண்ணீர்?

தை மாதத்தில் நோர்வேயின் ஒஸ்லோ நகரிலுள்ள ஹொல்ம்லியாவில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை குளிர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதம் 85 வீதம் என்கிறது வானிலைச் செய்தி. அதே காற்றை யன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டு 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 வீதமளவுக்கு இறங்கிவிடும். நீர் எங்கும் போய்விடவில்லை. வெளியே ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 2 கிராம் நீராவி இருந்தது, உள்ளேயும் அதே 2 கிராம்தான் இருக்கிறது. காற்று தாங்கக்கூடிய அளவுதான் மாறியது. அந்தக் குளிரில் ஒரு கனமீற்றர் காற்று அதிகம் போனால் 2.4 கிராம் நீராவியைத் தாங்கும். 22 பாகையில் 19.4 கிராமைத் தாங்கும். யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெயிலில் ஈரப்பதம் 75 வீதம் என்றால், அங்கே ஒவ்வொரு கனமீற்றரிலும் 23 கிராம் நீராவி மிதக்கிறது.

ஈரப்பத வீதத்தை வெப்பநிலையிலிருந்து பிரித்தால் அது பொருளற்ற எண். அதனால்தான் வீட்டுக்கு வாங்கும் உணரிகள் இரண்டையும் சேர்த்தே அளக்கின்றன. அறைக்கு அறை சின்னஞ்சிறு கம்பியில்லாக் கணுக்களை வைத்து, அவை அனுப்பும் எண்களை ஒரே இடத்தில் பார்க்கும் வசதி இன்று பெரிய செலவில்லாமல் எவருக்கும் கிடைக்கிறது. அதைச் சரியாக நிறுவுவது எப்படி என்பதைத் தமிழ் வீடுகளை மனதில் வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஒஸ்லோவின் தெற்கு எல்லையில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே உள்ள ஹொல்ம்லியாவின் பெரும்பகுதி 1980களில் எழுந்த குடியிருப்புகள். இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் குசினியில் சோறு வடிக்கிறோம், கறி கொதிக்கிறது. மாரியில் உடுப்புகளை உள்ளேதான் காயவிடுகிறோம். குளிருக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் பயந்து சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களை மூடியும் விடுகிறோம். பிறகு யன்னல் கண்ணாடியின் அடியில் தண்ணீர் கட்டும், அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுக்கும். இன்னொரு வீட்டில் காற்று வறண்டு பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வரும். இரண்டு வீடுகளும் ஒரே மாடியில் இருக்கலாம். அளக்காமல் எது எந்த வீடென்று சொல்ல முடியாது.

ஈரப்பதத்தை அளக்கும் வேலை பழையது. 1783இல் சுவிஸ் அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் த சொசூர், மனிதத் தலைமயிர் ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்குவதை வைத்து அமைத்த ஈரமானியைப் பற்றி நூல் எழுதினார். முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது மயிர் இரண்டு வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீளும். இன்றைய உணரியில் மயிரின் இடத்தில் ஒரு மெல்லிய பொலிமர் படலம் இருக்கிறது. இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே கிடக்கும் அப்படலம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும், வறண்டால் விட்டுவிடும். நீரின் மின்கோடுபுகுதிறன் 80. பொலிமருக்கு அது 3 அளவில்தான். ஆகவே சிறிதளவு நீர் புகுந்தாலும் தகடுகளின் மின்கொள்ளளவு கூடும். அதை அளந்து, பக்கத்திலேயே உள்ள வெப்ப உணரியின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டு, சில்லு நமக்கு ஒரு வீதத்தைத் தருகிறது.

கடையில் மிக மலிவாகக் கிடைப்பது நீலநிறப் பெட்டியிலுள்ள டிஎச்டி11. இரண்டு பாகை வரை பிழை காட்டும் அதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். வெள்ளைப் பெட்டி டிஎச்டி22 பரவாயில்லை. அரைப் பாகைக்குள் நிற்கும். பொஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 காற்றழுத்தத்தையும் அளக்கும், ஆனால் வெப்பநிலையில் ஒரு பாகை வரை விலகலாம். ஈரப்பதம்தான் நோக்கம் என்றால், சூரிச்சிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக (ஈடிஎச்) ஆய்விலிருந்து 1998இல் பிறந்த சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்எச்டி31 அல்லது எஸ்எச்டி41 வாங்குங்கள். வெப்பநிலையில் 0.2 பாகை, ஈரப்பதத்தில் 2 வீதம் என்பதே அவற்றின் வழக்கமான பிழை. இணைக்க நான்கே கம்பிகள்: மின்சாரம், நிலம், தரவு, கடிகாரம்.

உணரி அளந்ததை எடுத்து அனுப்பும் பகுதியில் நோர்வேயின் பங்கு பெரியது. வீட்டில் செய்யும் கணுக்களில் பரவலாக இருக்கும் ஏடிமெகா328 மைக்ரோகொன்ட்ரோலர், ஏவிஆர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் வடிவமைப்பைத் துரொண்ட்ஹெய்ம் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாக இருந்தபோது தொடங்கியவர்கள் அல்ஃப் எகில் பூகென், வெகார்ட் வொலன் என்ற இருவர். உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஆர்டுயினோ பலகை அதன்மேல் நிற்கிறது. அதோடு சேரும் என்ஆர்எஃப்24எல்01 வானலைச் சில்லு, அதே நகரில் 1983இல் தொடங்கிய நோர்டிக் செமிகொண்டக்டர் நிறுவனத்தினுடையது.

ஒஸ்லோவுக்கும் பங்குண்டு. 1996இல் இங்கே தொடங்கிய சிப்கொன், ஸிக்பீ என்ற கம்பியில்லா வலையமைப்புக்கான வானலைச் சில்லுகளைச் செய்தது. 2006இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அதை வாங்கியது. ஸிக்பீ வீட்டுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கப் பலர் செருகிய சிசி2531 அந்த வரிசையில் வந்ததே. சிப்கொனைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெய்ர் ஃபொர்ர, 2007இல் ஒஸ்லோவிலேயே எனர்ஜி மைக்ரோ என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் அதன் கெக்கோ வரிசைச் சில்லுகள் 2013இல் சிலிக்கன் லாப்ஸ் கைக்குப் போயின. இன்று கடையில் ஆயத்தமாக விற்கும் பல உணரிகளுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் உள்ளன. ஒஸ்லோவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணுவைச் செய்யும்போது பற்றரியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கணு தன் நேரத்தில் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும். உறக்கத்தில் மைக்ரோகொன்ட்ரோலர், வானலைச் சில்லு, உணரி மூன்றும் சேர்ந்து 6 மைக்ரோ அம்பியர் அளவில் எடுக்கும். விழிக்கும் கணத்தில் 15 மில்லி அம்பியர் போனாலும் அது சில நூறிலொரு செக்கனுக்குத்தான். சராசரி 7 மைக்ரோ அம்பியர் என்றால், 220 மில்லி அம்பியர் மணி கொண்ட வட்டப் பற்றரிகூட மூன்று ஆண்டுக்கு மேல் வர வேண்டும். ஆனால் ஆர்டுயினோ பலகையிலுள்ள சிவப்பு விளக்கைக் கழற்றாமல் விட்டால், அது ஒன்றே 3 மில்லி அம்பியரை விழுங்கும். அதே பற்றரி மூன்று நாளில் முடிந்துவிடும். விளக்கையும் மின்னழுத்தச் சீராக்கியையும் பலகையிலிருந்து கழற்றிவிடுங்கள். வட்டப் பற்றரியால் திடீரென்று 15 மில்லி அம்பியர் கொடுக்கவும் சிரமம், குளிரில் இன்னும் சிரமம். உள்ளே இரண்டு சாதாரண ஏஏ பற்றரி போதும். வெளியே வைக்கும் கணுவுக்கு ஏஏ அளவிலுள்ள லிதியம் பற்றரி போடுங்கள். பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரை அது தாக்குப்பிடிக்கும்.

வானலைச் சில்லின் மின்சாரக் கால்களுக்கு நெருக்கமாக 10 மைக்ரோ ஃபரட் அளவிலான ஒரு மின்தேக்கியைப் பற்றவைக்க மறக்க வேண்டாம். தொடர்பு விட்டுவிட்டு வருகிறது என்று புலம்புபவர்களில் பாதிப்பேரின் நோய்க்கு மருந்து அதுதான்.

அடுத்தது கொங்கிரீட். 2.4 கிகாஹேட்ஸ் அலை, கம்பி கட்டிய சுவரிலும் தளத்திலும் வேகமாகத் தேய்கிறது. நடுவில் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஒரு கணுவை அஞ்சல் நிலையமாக வையுங்கள். பற்றரிக் கணு உறங்கிவிடுவதால் அந்த வேலையைச் செய்யாது. பக்கத்து வீடுகளின் வைஃபையும் இதே அலைவரிசையில்தான் இரைகிறது. ஆகவே வைஃபையின் 11ஆம் தடத்துக்கு மேலே ஒதுங்குவது நல்லது. வீட்டில் செய்பவர்கள் பலர் பயன்படுத்தும் மைசென்சர்ஸ் என்ற திறந்த மென்பொருள், இயல்பாகவே 76ஆம் தடத்தை, அதாவது 2476 மெகாஹேட்ஸை எடுத்துக்கொள்கிறது. ஸிக்பீ என்றால் 25ஆம் தடத்தைத் தேருங்கள். எண் மாறினால் மட்டும் அனுப்பு, மாறாவிட்டாலும் பத்து அளவுக்கு ஒருமுறை உயிரோடிருப்பதைச் சொல் என்று நிரலில் எழுதிவிட்டால் பற்றரியும் மிஞ்சும், செத்த கணுவும் தெரிந்துவிடும். சுவரிலுள்ள 230 வோல்ட் இணைப்பில் மட்டும் நீங்களே கைவைக்காதீர்கள். நோர்வேயில் அது பதிவுபெற்ற மின்பணியாளரின் வேலை.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, உணரியைப் பிழையான இடத்தில் வைப்பவர்களே அதிகம். வைஃபைச் சில்லை ஒட்டி உணரியை ஒரே பெட்டிக்குள் அடைத்தால் சில்லின் சூட்டில் அது இரண்டு பாகை கூடுதலாகக் காட்டும். அப்போது அறையில் உண்மையான ஈரப்பதம் 40 வீதமாக இருந்தாலும் உணரி 35 என்றே சொல்லும். வெப்பநிலையில் நேர்ந்த பிழை ஈரப்பதத்திலும் தொற்றிக்கொள்கிறது. பெட்டியில் துளைகள் இடுங்கள், உணரியைக் கீழ்ப்புறம் தள்ளிவையுங்கள். சுவர் வெப்பமூட்டிக்கு மேலும், வெயில் படும் இடத்திலும், வெளிச்சுவரிலும் வேண்டாம். உட்சுவரில் ஒன்றரை மீற்றர் உயரம் பொருத்தம். குசினியில் அடுப்புக்குக் கிட்ட வைத்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை பொலிமரில் படிந்து, மாதங்கள் போகப் போக அளவு விலகும். வெளிக்கணுவுக்கு மழையும் வெயிலும் படாத, காற்றோட்டமுள்ள வடக்குப் பக்கம் வேண்டும்.

புதிதாக வாங்கிய உணரியை நம்புவதற்கு முன் உப்பால் சோதிக்கலாம். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை இட்டு, ஈரமணல் போல ஆகும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதாகக் கரையக் கூடாது. அதையும் உணரியையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப்புகாத பெட்டிக்குள் வைத்து, வெப்பநிலை மாறாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். ஆனையிறவு உப்பானாலும் ஒஸ்லோக் கடை உப்பானாலும், உள்ளேயிருக்கும் காற்று 75 வீதத்தில் வந்து நிற்கும். 20 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையே அந்த எண் அசைவதே இல்லை என்று சொல்லலாம். உணரி 71 காட்டினால் 4 குறைவு; நிரலில் கூட்டிவிடுங்கள். ஆனால் நோர்வே மாரியில் வீடுகள் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடையே இருக்கும். அங்கே சரிபார்க்க இன்னோர் உப்பு வேண்டும்: மக்னீசியம் குளோரைட்டில் காற்று 33 வீதத்தில் நிற்கும். டோஃபு உறையவைக்க ஆசியக் கடைகளில் விற்கும் நிகாரி பெரும்பாலும் அதுவே.

எண்கள் வரத் தொடங்கிய பிறகு எதைப் பார்ப்பது? அறையில் 22 பாகையும் 50 வீதமும் இருந்தால், 11 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கட்டும். பூஞ்சணத்துக்குத் தண்ணீர் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பரப்பையொட்டிய காற்று வாரக்கணக்கில் 80 வீதத்தில் இருந்தாலே போதும். இதே அறையில் 14.5 பாகைக்கு இறங்கிய சுவர் மூலை அந்த நிலையை எட்டிவிடும். ஆகவே ஒரு கணுவை அறையின் நடுவிலும் இன்னொன்றை அலுமாரிக்குப் பின்னால் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கச் சொல்கிறேன். வெளிச்சுவர் வேண்டாம் என்றது அறையின் அளவுக்காக. மூலைக் கணு சுவரின் நலத்தைச் சொல்ல அங்கே இருக்கிறது. நடுவில் உள்ளது 50 என்று சமாதானம் சொல்லும்போது மூலையில் உள்ளது 80 காட்டும்.

படுக்கையறைக்கு ஒரு கணக்கு. ஓய்வாகக் கிடக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 முதல் 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 700 கிராம். 12 சதுர மீற்றர் அறையில் 29 கனமீற்றர் காற்று இருக்கிறது. 18 பாகையில் அது முழுதாகத் தாங்கக்கூடியதே 450 கிராம் அளவுதான். காற்றுத் துவாரத்தை அடைத்தால் மிச்சம் எங்கே போகும் என்பதை விடியற்காலையில் யன்னல் கண்ணாடி காட்டும். காலையில் யன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் விட்டால், கனமீற்றருக்கு 2 கிராம் மட்டுமே கொண்ட வெளிக்காற்று அந்த ஈரத்தைத் தள்ளிவிடும். சுவர்களின் சூடு அதற்குள் ஆறாது. நாள் முழுவதும் ஒரு விரலளவு திறந்து வைப்பதைவிட இது சிக்கனம்.

குளியலறை மின்விசிறியைத் தானாக ஓடவைப்பவர்கள் 60 வீதத்தைத் தாண்டினால் ஓடு என்று விதி எழுதுகிறார்கள். மாரியில் அது வேலை செய்யும். ஆவணி மாத மழைநாளில் வீடு முழுவதுமே 60ஐத் தாண்டும், விசிறி இரவு பகலாய்ச் சுற்றும். கூடத்திலுள்ளதைவிடக் குளியலறையில் கனமீற்றருக்கு 3 கிராம் கூடினால் ஓடு என்று எழுதினால் எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். வெப்பநிலையும் வீதமும் கையில் இருந்தால் கிராமைக் கணிக்க நிரலில் ஒரு வரி போதும்.

ஈரப்பதனூட்டி வாங்கக் கடைக்குப் புறப்படும் முன், அல்லது கறுத்த சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் பிடிக்கும் முன், மூன்று கணுக்களை வையுங்கள்: ஒன்று அறையின் நடுவில், ஒன்று குளிர்ந்த மூலையில், ஒன்று வெளியே. மூன்றையும் முதலில் உப்புப் பெட்டியில் ஓர் இரவு வைத்தெடுங்கள். இரண்டு வார எண்களைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.