ஊர்ப் பெட்டையும் காட்டுச் செந்நாயும்

ஊட்டியிலிருந்து தெப்பக்காடு வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் காடு முடிந்ததும் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் ஊர் குண்டலுபேட்டை. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சாமராஜநகர் மாவட்டம். வயநாட்டுச் சாலையும் ஊட்டிச் சாலையும் இங்கேதான் சேர்கின்றன. இரவு 9 மணிக்கு மேல் காட்டுச் சாலை அடைக்கப்படுவதால் சரக்கு லாரிகள் விடியும் வரை காத்துக் கிடக்கும். சாப்பாட்டுக் கடையும் இறைச்சிக் கடையும் உள்ள ஊரில் நாய்க்குப் பஞ்சமிருக்காது. காட்டை ஒட்டிய வயல்களிலோ பன்றியையும் யானையையும் குரைத்துக் காட்டிக்கொடுக்க நாய் வேண்டியே இருக்கிறது.

சில கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் செந்நாய் வாழ்கிறது. 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் அதன் பின்னாலேயே நடந்து கவனித்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். தெற்குத் தமிழ்நாட்டுக்காரர், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 2024-இல் மறைந்தார். பெரிய காட்டு விலங்கு ஒன்றை அது வாழும் இடத்திலேயே தொடர்ந்து ஆராய்ந்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர்.

செந்நாய்க் கூட்டத்தில் வழக்கமாக ஒரு பெட்டைதான் ஈனும், அதுவும் ஆண்டுக்கு ஒரே முறை. குட்டிகளை விட்டு நகர முடியாத நாட்களில் அதற்கு இரை தேடும் கவலை இல்லை. கூட்டத்தில் மற்றவை வேட்டையாடித் தின்றுவிட்டு வந்து, தாய்க்கும் பிறகு குட்டிகளுக்கும் கக்கி ஊட்டும். குட்டிகள் வளைக்கு வெளியே விளையாடத் தொடங்கினால் காவலுக்கு ஆள் நிற்கும். வேட்டைக்குக் கூடவே ஓடும் வயது வந்ததும், விழுந்த மானில் முதல் வாய் குட்டிகளுக்கே விடப்படும். செந்நாய்க்கு முலைக்காம்புகள் பெரும்பாலும் 12 அல்லது அதற்கு மேல் இருக்கும். வீட்டு நாய்க்கு வழக்கமாக 10. அத்தனை வாய்க்குப் பால் கொடுக்க முடிவது பின்னால் ஒரு கூட்டமே உழைப்பதால்தான்.

வீட்டு நாய் மனிதனோடு வந்தபோது இந்த ஏற்பாட்டைத் தொலைத்துவிட்டது. கடுவன் நாய் பெரும்பாலும் குட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பருவமும் ஒரு மாதத்துக்குக் கட்டுப்படாமல், நல்ல தீனி கிடைக்கும் பெட்டைக்கு ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. செந்நாய்க்குக் கூட்டம் செய்ததை வீட்டு நாய்க்கு வளர்ப்பவர்தான் செய்தாக வேண்டும். அவர் செய்யாவிட்டால் செய்ய வேறு ஆளில்லை. பொறுப்பில்லாத நாய் வளர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அவர் செய்யாமல் விட்டதன் கடன் முதலில் பெட்டையின் உடம்பில் ஏறுகிறது. நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். ஈன்ற மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால் உச்சத்தில் சுரக்கும்போது அதற்கு வழக்கத்தைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு தீனி வேண்டும். கிடைக்காவிட்டால் தன் தசையையும் எலும்பையும் கரைத்துப் பால் கொடுக்கும். ரத்தத்தில் கால்சியம் சட்டென்று வீழ்ந்து வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் செத்துப்போகும் தாய்நாய்களும் உண்டு.

அடுத்தது கருப்பை. மற்றப் பல விலங்குகளில் கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சீக்கிரம் இறங்கிவிடும். நாய்க்கு அப்படியில்லை. சினைப்பட்டாலும் படாவிட்டாலும் இரண்டு மாத அளவுக்கு அந்த ஹார்மோன் உயர்ந்தே நிற்கும். கருப்பைச் சுவர் தடிக்கும், வாய் இறுகும், உள்ளே புகுந்த கிருமிக்குச் சொகுசான இடம் கிடைக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் இந்த ஆபத்து கூடிக்கொண்டே போய், ஒரு நாள் கருப்பை முழுக்கச் சீழ் நிறைகிறது. கருத்தடை செய்யும் வழக்கம் அதிகம் இல்லாத ஸ்வீடனில் காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு பெட்டைக்கு இந்தச் சீழ் நோய் வந்திருந்தது. “ஒரு ஈற்றாவது போடட்டும், அப்பதான் அதுக்கு ஆரோக்கியம்” என்று சொல்வதற்கு உடலியலில் போதிய ஆதாரம் இல்லை. ஒரு பருவம் இணைசேராமல் விட்டால் கருப்பைக்கு ஓய்வு என்பதும் பாதி உண்மைதான். ஓய்வு கிடைப்பது தசைக்கும் எலும்புக்கும். கருப்பை நோயைத் தடுக்க வேண்டுமானால் கருத்தடை அறுவைதான் உறுதியான வழி.

விற்பனைக்காகக் கூண்டில் அடைத்து ஈன வைக்கப்படும் பெட்டையின் மனம் என்னவாகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் வணிகப் பண்ணைகளிலிருந்து மீட்டு வீடுகளுக்குத் தரப்பட்ட 1,169 இனப்பெருக்க நாய்களைப் பற்றி 2011-இல் ஒரு கட்டுரை வெளியானது. வீடு கிடைத்த பிறகும் அவற்றுக்கு ஆளைக் கண்டால் பயம், படிக்கட்டைக் கண்டால் பயம், தொட்டால் நடுக்கம், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும் பழக்கம். கடிக்கும் குணம் மட்டும் மற்ற வீட்டு நாய்களைவிடக் குறைவு. எதிர்க்கக்கூடத் தோன்றாத அளவுக்கு ஒடுங்கிப்போன பிராணி என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். குட்டிகளின் கதையும் தனியல்ல. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகத்தோடு பழகிக்கொள்ளும் காலம். 1961-இல் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தார் சில குட்டிகளை 14 வாரம் வரை மனிதர் வாசனையே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். அவை காட்டு விலங்குபோல ஆகிவிட்டன. இருட்டுக் கொட்டகையில் வளர்ந்த குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, இனத்தின் மேல் பழி போடுவது நம் வழக்கம். 23 வகை நாய்களை ‘மூர்க்கமானவை’ என்று தடை செய்த மத்திய அரசின் சுற்றறிக்கையும் இந்த வழியில்தான் போனது; கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை ரத்து செய்தது.

விற்காத குட்டி எங்கே போகிறது? ஆண்குட்டியை யாராவது கேட்டு வாங்குவார்கள். பெட்டைக்குட்டி சாக்கில் கட்டி ஊர் எல்லைக்குப் போகும். கொல்கத்தா பகுதியில் தெருநாய்க் குட்டிகள் 364-ஐப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான் என்று 2016-இல் எழுதினார்கள். செத்தவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மனிதர் கைபட்டுச் செத்தவை. தப்பிப் பிழைக்கிற பெட்டை அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி விற்கக் கூடாது. 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளுக்கு ஐந்து. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இந்த விஷயத்தில் அரசும் யோக்கியமில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் காக்க சைதாப்பேட்டையில் தமிழக அரசு நடத்திவந்த நாய்ப்பண்ணையையே 2019-இல் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தண்டனையைப் பார்த்தால் சிரிப்பு வரும். வளர்த்த பிராணியைக் கைவிட்டால் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. குண்டலுபேட்டைப் பேருந்து நிலையத்தில் அந்தக் காசுக்கு ஒரு சாப்பாடுகூட வருமா தெரியவில்லை.

கடனின் கடைசிப் பங்கு காட்டில் விழுகிறது. தடுப்பூசி போட்ட தாயின் சீம்பாலில்தான் குட்டிக்கு முதல் சில வாரப் பாதுகாப்பு வருகிறது. தாய்க்கே ஊசி இல்லாவிட்டால் குட்டிக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட குட்டிகளில் டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள் வேகமாகப் பரவும். டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலில் சீக்கிரம் சாகும், ஆனால் மூச்சில் பரவும். 1978-இல் உலகத்துக்குத் தெரியவந்த பார்வோ வைரஸ் மலத்திலிருந்து மண்ணில் இறங்கி மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். ஊர் நாய் காட்டோரம் செத்த மாட்டைத் தின்கிறது, அதே மாட்டுக்குச் செந்நாயும் வரக்கூடும். ஊட்டி விடுவது, முகத்தை நக்குவது, ஒரே இடத்தில் மலம் கழிப்பது என்று செந்நாய்க் கூட்டத்தைக் கட்டிக் காக்கிற பழக்கங்களே வைரஸுக்கும் பாதையாகிவிடுகின்றன. 

இது வெறும் யூகமில்லை. குண்டலுபேட்டைக்குக் கிழக்கே பிளிகிரிரங்கன் மலையில் செந்நாய்களிடையே வெறிநோய் பரவியதை, அங்கே காபித் தோட்டம் வைத்திருந்த ஆர்.சி. மாரிஸ் 1942-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பதிவு செய்திருக்கிறார். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களை, அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை, டிஸ்டெம்பர் கொன்றது. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டின் ஒரே சரகத்தில் 23 சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அவற்றில் சிலவற்றின் உடலிலும் அதே வைரஸ் கிடைத்தது. செந்நாய்க்கு அந்த அளவு இழப்பைத் தாங்க ஆளில்லை. உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் எஞ்சியிருப்பவை 949-க்கும் 2,215-க்கும் இடையில் இருக்கலாம் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2015 மதிப்பீடு.

ஊர் நாய்க்கு ஊசி போட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. செரங்கெட்டியைச் சுற்றி நாய்களுக்கு ஊசி போட்ட பிறகு நாய்களில் நோய் குறைந்தது, சிங்கங்களில் தொற்று நிற்கவில்லை. வேறு விலங்குகளும் வைரஸைச் சுமக்கின்றன. ஆனாலும் வேறு எதையும்விட மனிதன் கைக்கு எட்டும் இடம் வீட்டு வாசலில் கட்டியிருக்கும் பெட்டைதான். காட்டோர விவசாயிக்கு நாய் வேண்டும், வைத்துக்கொள்ளட்டும். பெட்டைக்குக் கருத்தடையும், எல்லா நாய்க்கும் வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளும் வீடு தேடி வர வேண்டும். அதற்குக் கால்நடைத் துறையும் வனத்துறையும் சேர்ந்துதான் செலவு செய்ய வேண்டும். விவசாயி தலையில் கட்டினால் நடக்காது.

நகரத்தில் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. போனில் படம் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய்த் தாய்நாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, பதிவு எண் எங்கே, ஊசி அட்டை எங்கே என்று கேளுங்கள். விலா எலும்பு தெரிகிறதா, ஆளைக் கண்டதும் மூலைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். “தாய் இங்க இல்லீங்க, வேற ஊர்ல இருக்கு” என்று பதில் வந்தால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் காசைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.