வலையை நம்பாத வலை
(தொடக்ககாலக் கணிப்பொறித் தொடர்பு வலைகள் உருவான வரலாறு)

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் வலையமைப்பு, இன்று நம் கைக்குள் அடங்கும் தொலைபேசி வரை வந்துவிட்டது. அதனைப் பயன்படுத்துவோர் பலர். அது எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வலையை முதன்முதலில் வடிவமைத்த அறிஞர்களின் முன் நின்ற அடிப்படை வினா ஒன்று உண்டு. கம்பி அறும், பொறி பழுதாகும், செய்தி வழியில் சிதையும். அங்ஙனமாயின், அனுப்பிய செய்தி பிழையின்றிச் சேர்ந்தது என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டியது எது? இடையிலே நிற்கும் வலையா? இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளா? இவ்வினாவிற்குத் தெளிவான விடை காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தொலைபேசி வழியும் அஞ்சல் வழியும்

செய்தி அனுப்பும் முறைகள் இரண்டு. ஒன்று, பழைய தொலைபேசி முறை. இருவர் பேசத் தொடங்கியதும் அவர்களுக்கென ஒரு வழி முழுமையாக ஒதுக்கப்படும். அவர்கள் பேசாது வாளாவிருப்பினும் அவ்வழியைப் பிறர் பயன்படுத்த இயலாது. மற்றொன்று, அஞ்சல் முறை. ஒவ்வொரு கடிதமும் தன் முகவரியைத் தானே சுமந்து செல்லும்; ஒரே வண்டியில் ஆயிரம் பேரின் கடிதங்கள் பயணம் செய்யும்.

கணிப்பொறியின் பேச்சு மனிதர் பேச்சைப் போன்றதன்று. அது ஒரு நொடியில் பெருமளவு தரவுகளைக் கொட்டும். பின்னர் நெடுநேரம் மௌனம் காக்கும். எனவே அதற்கென ஒரு வழியை ஒதுக்கி வைப்பது பெரும் வீண்செலவாகும். அஞ்சல் முறையே அதற்கு ஏற்றது எனும் எண்ணம் 1960களில் இருவேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத இருவர் உள்ளத்தில் தோன்றியது.

ஒருவர் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் பேரன். அணுகுண்டுத் தாக்குதல் நிகழ்ந்த பின்னும் செய்தித் தொடர்பு எவ்வாறு உயிர்த்திருக்கும் என்பதே அவரது ஆய்வு. ஒரே மையத்தைச் சார்ந்த வலை, அம்மையம் வீழ்ந்தால் தானும் வீழும். சில மையங்களைச் சார்ந்த வலையும் அவை சிதையின் துண்டு துண்டாகும். ஆனால் மீனவர் வலையைப் போல, ஒவ்வொரு முடிச்சும் அண்டையிலுள்ள மூன்று நான்கு முடிச்சுகளோடு பிணைந்திருப்பின், பல முடிச்சுகள் அறுந்த பின்னும் எஞ்சியவை தொடர்பு இழவா என அவர் கணக்கிட்டுக் காட்டினார். செய்தியைச் சிறு சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் அவ்வப்போது திறந்திருக்கும் வழியில் அனுப்பலாம் என்றார். அவருடைய அறிக்கைகள் 1964இல் வெளிவந்தன. தொலைபேசித் துறைப் பொறியாளர்களோ இக்கருத்தை ஏற்க மறுத்தனர்.

மற்றவர் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய டொனால்டு டேவிஸ். 1965இல் இதே முடிவிற்கு வந்த அவருக்குப் போர் நோக்கமில்லை. விலை மிகுந்த கணிப்பொறியைத் தொலைவிலிருந்து பலரும் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். செய்தித் துண்டத்திற்குப் 'பாக்கெட்' எனப் பெயரிட்டவரும் அவரே. நாம் அதனைப் 'பொதி' என வழங்குவோம். இருவரும் தனித்தனியே சிந்தித்தும், ஒரு பொதியின் அளவு 1024 பிட் எனும் ஒரே எண்ணையே தேர்ந்தனர் என்பது வியப்பிற்குரியது.

ஆர்ப்பாநெட்டின் தோற்றம்

இக்கருத்துகளை நாடளாவிய வலையாகக் கட்டியெழுப்பும் பணியை மேற்கொண்டது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த 'ஆர்ப்பா' என்னும் ஆராய்ச்சி முகமை. அணுகுண்டுப் போரைத் தாங்கவே ஆர்ப்பாநெட் அமைக்கப்பட்டது எனப் பலரும் எழுதுவர். அது பேரனின் ஆய்வையும் ஆர்ப்பாவின் திட்டத்தையும் ஒன்றெனக் கொண்டதால் வந்த மயக்கம். ஆய்வாளர்கள் தொலைவிலுள்ள கணிப்பொறிகளைப் பகிர்ந்துகொள்வதே ஆர்ப்பாநெட்டின் நோக்கம்.

திட்டத்தின் தலைவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ் ஓர் இடரை எதிர்கொண்டார். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வெவ்வேறு நிறுவனத்தார் செய்த, ஒன்றோடொன்று ஒவ்வாத கணிப்பொறிகள் இருந்தன. தொடர்புப் பணிக்காகத் தம் கணிப்பொறியின் நேரத்தை இழக்க எவரும் விரும்பவில்லை. 1967இல் வெஸ்லி கிளார்க் என்னும் அறிஞர் எளிய தீர்வு ஒன்றை முன்வைத்தார். பெரிய கணிப்பொறிகளைத் தொந்தரவு செய்ய வேண்டா. ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு கணிப்பொறியை வாயிற்காவலன் போல் நிறுத்துவோம். அச்சிறு பொறிகள் மட்டும் தமக்குள் வலையாக இணையட்டும் என்பதே அது. 'இம்ப்' எனப்பட்ட இச்சிறு பொறிகளைச் செய்யும் ஒப்பந்தம் பி.பி.என். நிறுவனத்திற்குக் கிடைத்தது. ஹனிவெல் நிறுவனத்தின் கணிப்பொறியை அடிப்படையாகக் கொண்டு, 1969ஆம் ஆண்டின் ஒன்பது மாதங்களுக்குள் முதல் இம்ப்பை அவர்கள் உருவாக்கினர்.

1969 அக்டோபர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்திற்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தன. மறுமுனைக் கணிப்பொறி செயலிழந்தது. பழுது நீக்கப்பட்டு அன்றிரவே இணைப்பு நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் நான்கு இடங்கள், நொடிக்கு 50,000 பிட் வேகமுடைய கம்பிகளால் இணைந்திருந்தன.

வலையே பொறுப்பேற்ற முறை

ஆர்ப்பாநெட்டில் வலையே முழுப் பொறுப்பையும் தாங்கியது. ஏறத்தாழ 8000 பிட் வரையிலான செய்தியை இம்ப் பெற்றுக்கொள்ளும். அதனை எட்டுப் பொதிகள் வரை பிரிக்கும். ஒவ்வொரு பொதியுடனும் 24 பிட் அளவுள்ள சரிபார்ப்பு எண் சேர்க்கப்படும். பெறும் இம்ப் தானும் அதே கணக்கைச் செய்து பார்க்கும், விடை ஒத்திருப்பின் 'பெற்றேன்' என ஒப்புகை அனுப்பும், ஒவ்வாவிடில் வாளாவிருக்கும். ஒப்புகை வரும்வரை அனுப்பிய இம்ப் தன் படியைக் கைவிடாது. வராவிடில் மீண்டும் அனுப்பும். வழியைத் தீர்மானிக்கத் தனி மையம் எதுவுமில்லை. 'எவ்விடத்தை எவ்வளவு நேரத்தில் அடையலாம்' என்னும் மதிப்பீட்டை ஒவ்வோர் இம்ப்பும் தன் அண்டை இம்ப்புகளோடு இடையறாது பரிமாறி, விரைவான வழியைத் தானே தேர்ந்தது. இறுதி இம்ப் பொதிகளை வரிசைப்படுத்தி, முழுச் செய்தியாகக் கோத்து வழங்கியது.

இவ்வளவு கவனத்துடன் அமைத்தும் இரு முடிச்சுகள் விழுந்தன.

முதலாவது, கோக்கும் இடத்தில் நேர்ந்த நெருக்கடி. இறுதி இம்ப்பின் நினைவகம் சிறிது. பல செய்திகளின் பொதிகள் பாதி பாதியாக வந்து அதனை நிறைத்துவிட்டால், எஞ்சிய பொதிகள் நுழைய இடமிராது. அவை வராமல் எச்செய்தியும் முழுமையாகாது. முழுமையாகாமல் இடமும் காலியாகாது. இந்நிலை நேரும் என்பதை பி.பி.என். குழுவின் ராபர்ட் கான் முன்பே எடுத்துரைத்தார். 1970இன் தொடக்கத்தில் செய்த சோதனைகள் அவர் கூற்றை மெய்ப்பித்தன. பின்னர், மறுமுனையில் இடம் ஒதுக்கப்பட்ட பிறகே நீண்ட செய்தியை அனுப்பும் முறை கொணரப்பட்டது.

இரண்டாவது, 1980 அக்டோபர் 27ஆம் நாள் நிகழ்ந்தது. அப்போது ஒவ்வோர் இம்ப்பும் தன் கம்பிகளின் நிலையை, 0 முதல் 63 வரை வரிசை எண் இட்டு, ஏனைய எல்லா இம்ப்புகளுக்கும் அறிவித்து வந்தது. 63க்குப் பின் மீண்டும் 0 வரும். எனவே எண்களைக் கடிகார முகம் போல் வட்டமாகக் கொண்டு, அரை வட்டத்திற்குள் முன்னே நிற்பதே புதியது என விதி வகுத்திருந்தனர். பழுதான நினைவகத்தில் பிட்டுகள் உதிர்ந்தமையால் 44, 40, 8 என்னும் எண்களோடு ஒரே இம்ப்பின் மூன்று அறிவிப்புகள் உலவின. விதிப்படி 8ஐவிட 40 புதியது. 40ஐவிட 44 புதியது. வட்டத்தைச் சுற்றி வந்தால் 44ஐவிட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்தி முடிவின்றிச் சுழன்றன. வலை முழுவதும் சில மணி நேரம் முடங்கியது.

இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று. கம்பியில் செல்லும்போது பொதி சரிபார்க்கப்பட்டது. இம்ப்பின் நினைவகத்தில் தங்கியிருந்தபோது சரிபார்க்கப்படவில்லை. வழிநெடுகக் காவல் இருந்தும், காவற்சாவடிக்குள்ளேயே பொருள் கெட்டது.

பொறுப்பு முனைகளுக்கு மாறியது

இதற்கு முன்பே பிரான்சு நாட்டில் மாற்றுச் சிந்தனை ஒன்று செயல்வடிவம் பெற்றிருந்தது. லூயி பூசான் தலைமையில் அமைந்த 'சிக்லாட்' வலை 1973இல் இயக்கிக் காட்டப்பட்டது. அவ்வலை எவ்வித உறுதியும் தருவதில்லை. பொதியை இயன்றவரை முன்னே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. பொதி தொலையலாம், முறைமாறி வரலாம், இருமுறை வரலாம். எண்ணிட்டு வரிசைப்படுத்துவதும், வராததை மீண்டும் கேட்டுப் பெறுவதும் முனைகளிலுள்ள கணிப்பொறிகளின் கடமை.

தொலைபேசித் துறையினர் இதனை விரும்பவில்லை. பொறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரமும் வருவாயும் இருக்கும் என்பதை அவர்கள் அறிவர். வலையே வரிசையையும் சேர்க்கையையும் காக்கும் 'எக்ஸ்.25' என்னும் தரத்தை 1976இல் அவர்கள் வகுத்தனர்.

ஆனால் காலம் வேறொரு தேவையைக் கொணர்ந்தது. கம்பி வலை, வானொலி வலை, செயற்கைக்கோள் வலை என இயல்பில் மாறுபட்ட வலைகளை எவ்வாறு இணைப்பது? எல்லா வலைகளிடமும் ஒரே நம்பகத்தன்மையை எதிர்பார்க்க இயலாது. எனவே 1974இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வெளியிட்ட திட்டத்தில், வலைகளிடமிருந்து மிகக் குறைவாகவே எதிர்பார்க்கப்பட்டது. பொறுப்பு முனைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1977 நவம்பர் 22இல், கலிபோர்னியச் சாலையில் ஓடிய வண்டியிலிருந்து புறப்பட்ட பொதிகள், அட்லாண்டிக் கடலைச் செயற்கைக்கோள் வழியே கடந்து ஐரோப்பா சென்று மீண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக் கணிப்பொறியை அடைந்தன. 1983 சனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் 'டி.சி.பி./ஐ.பி.' என்னும் இந்நெறிமுறைக்கு மாறியது. அதனை வலைகளின் வலையான இன்டர்நெட்டின் பிறந்தநாள் என்றே பலர் கொள்வர்.

முனைகளின் தன்னடக்கம்

பொறுப்பைப் பெற்ற முனைகள் அதனைச் செம்மையாக ஆற்றினவா? 1986 அக்டோபரில் அதற்கும் சோதனை வந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 400 கெஜம். அவ்வழியில் நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. காரணம் யாது? ஒப்புகை வரத் தாமதமானதும் ஒவ்வொரு கணிப்பொறியும் பொறுமையின்றி மீண்டும் மீண்டும் படிகளை அனுப்பியது, நெரிசல் மிகுந்தது, மிகுந்த நெரிசலால் ஒப்புகை மேலும் தாமதமானது.

வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. சிறிதளவே அனுப்பித் தொடங்குக. ஒப்புகை வர வரக் கூட்டுக. பொதி தொலைந்தால், வழி நெருக்கடியில் உள்ளது என உணர்ந்து உடனே குறைத்துக்கொள்க. இதனை வற்புறுத்த இடையில் காவலர் எவருமில்லை. ஒவ்வொரு முனையும் பிறர் நலன் கருதித் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டமையாலேயே வலை பிழைத்தது.

நம் நாட்டில் 1986இல் 'எர்நெட்' என்னும் கல்வி ஆய்வு வலை தொடங்கப்பட்டபோது, அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. எந்நெறிமுறை நிலைக்கும் என்பது உறுதியாகாத அக்காலத்தில் அது இருவகை நெறிமுறைகளையும் ஏற்று நடந்தது; இறுதியில் நிலைத்தது முனைகளை நம்பிய முறையே. எவரிடமும் புது இசைவு கேளாமல், முனையில் அமர்ந்த ஒருவர் புதிய பயன்பாட்டை உருவாக்கி உலகிற்கு வழங்க முடிந்தமைக்கு இவ்வமைப்பே காரணம்.

ஆர்ப்பாநெட் 1990இல் ஓய்வு பெற்றது. இன்று இடைநிலைப் பொறிகள் பல வேலைகளைத் தாமே செய்கின்றன. ஆயினும் செய்தி முழுமையாகச் சேர்ந்ததா எனச் சரிபார்ப்பதும், நெரிசல் கண்டு வேகத்தைக் குறைப்பதும் இன்றும் முனைகளின் கடமையாகவே உள்ளன. நம் மாணவர்கள் தொலைபேசியைக் கையில் எடுக்கும்போது, அவர்கள் அமர்ந்திருப்பதும் அத்தகைய ஒரு முனையிலேதான். வந்த செய்தி மெய்யா எனத் தேர்வதும், அனுப்புவதில் அளவு காப்பதும் இடையிலுள்ள வலை செய்து தரும் பணிகள் அல்ல. பொறிகளுக்கு அறிஞர் வகுத்தளித்த அந்நெறி, அவற்றைக் கையாளும் மாந்தர்க்கும் பொருந்தும் என்பது எம் துணிவு.