ஏலியன்கள் இருக்கிறார்களா... பூமிக்கு வந்தார்களா? இம்பால் வானம் முதல் செவ்வாய்ப் பாறை வரை, இதுவரை தெரிந்தது என்ன?

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை மதியம். நாடே உலகக்கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியில் மூழ்கியிருந்த நேரம். மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு அருகே வானத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. ட்ரோனா, பலூனா, வேறு ஏதாவதா... யாராலும் சொல்ல முடியவில்லை. உடனே வான்வெளி மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன, கிளம்ப வேண்டியவை தரையிலேயே நின்றன. சுமார் மூன்று மணி நேரம் இதே நிலைதான். விமானப்படை இரண்டு ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடிப் பார்த்தது. ஒன்றும் சிக்கவில்லை.

அடுத்து என்ன கேள்வி வரும் என்று உங்களுக்கே தெரியும். 'அப்போ வந்தது ஏலியனா?'

இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்பது ஒன்று. அது இங்கே வந்திருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை நாசாவும் கேம்பிரிட்ஜும் கோடிக்கணக்கில் செலவு செய்து ஆராய்கின்றன. அதைக் காட்டி, 'பாருங்க, விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்க, ஏலியன் வந்தாச்சு' என்று இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். குழப்பமே இங்கேதான். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

பறக்கும் தட்டு என்ற பெயர் எப்படி வந்தது?

1947 ஜூன் 24. கென்னத் அர்னால்ட் என்ற அமெரிக்க விமானி, வாஷிங்டன் மாகாணத்தில் ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் தட்டை வீசினால் எப்படித் துள்ளித் துள்ளிப் போகுமோ, அதுபோல அவை பறந்தன என்பது அவர் சொன்ன விளக்கம். அதாவது அவர் சொன்னது பறந்த விதத்தைப் பற்றி. பத்திரிகைகள் அதை வடிவமாக்கி 'பறக்கும் தட்டு' என்று எழுதின. அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தட்டு வடிவத்திலேயே பார்க்க ஆரம்பித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

இரண்டே வாரத்தில் ராஸ்வெல் சம்பவம். நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணையில் பளபளப்பான தாள், ரப்பர், குச்சி என சிதறிய பொருட்கள் கிடந்தன. ஜூலை 8-ம் தேதி, ராஸ்வெல் ராணுவ விமானத் தளமே 'பறக்கும் தட்டு எங்களிடம் கிடைத்துள்ளது' என்று அறிக்கை விட்டது. சில மணி நேரத்திலேயே மேலதிகாரிகள் 'இல்லை, அது வானிலை பலூன்' என்று மாற்றிச் சொன்னார்கள்.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசு பொய் சொன்னது உண்மைதான். அது சாதாரண வானிலை பலூன் அல்ல. சோவியத் ரஷ்யா அணுகுண்டு சோதனை நடத்தினால், அந்தச் சத்தத்தை வானத்தின் உயரத்திலிருந்து ஒட்டுக் கேட்பதற்காகப் பறக்கவிட்ட 'மோகுல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் வரிசை அது என்று 1994-ல் அமெரிக்க விமானப்படை அறிக்கை வெளியிட்டது. கிட்டத்தட்ட 47 ஆண்டுகள் மூடி மறைத்த பிறகு வந்த விளக்கத்தை மக்கள் நம்ப மறுத்தால், மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் மறைக்கப்பட்டது ஏலியன் அல்ல, வேவு பார்க்கும் கருவி.

இதே கதை மறுபடியும் நடந்தது. 1950-களில் யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறக்க ஆரம்பித்தது. அன்றைய பயணிகள் விமானங்கள் அதில் பாதி உயரம்கூடப் போகாது. சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும், விமானத்தின் உடல் மின்னும். கீழே இருந்து பார்ப்பவருக்கு, இருட்டிய வானத்தில் தகதகவென்று ஒரு பொருள்! அந்தக் காலத்து யுஎஃப்ஓ புகார்களில் பெரும்பகுதிக்கு இந்த ரகசிய விமானங்களே காரணம் என்று சிஐஏ பின்னாளில் சொன்னது. அந்த விகிதம் சரியா என்பதில் விவாதம் உண்டு. ஆனால் பதில் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க முடியாத நிலை இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

12,618 புகார்களில் 701

அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை 'புளூ புக்' என்ற திட்டத்தை நடத்தியது. அதிலும் அதற்கு முந்தைய ஆய்வுகளிலுமாக வந்த புகார்கள் மொத்தம் 12,618. அவற்றில் 701 புகார்களுக்குக் கடைசிவரை விளக்கம் கிடைக்கவில்லை. ஏலியன் ஆதரவாளர்கள் கையில் எடுப்பது இந்த 701-ஐத்தான்.

ஆனால் விளக்கம் கிடைக்கவில்லை என்பதற்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும், போதுமான தகவல் இல்லை என்பதுதான். நேரம் சரியாகத் தெரியாது, படம் மங்கல், பார்த்தவர் ஒருவர். ஒரு திருட்டு வழக்கில் திருடன் சிக்கவில்லை என்றால் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று கோப்பை மூடுவார்கள். பேய் திருடியது என்று எழுத மாட்டார்களே!

வைரலான அந்த வீடியோ

'கோ ஃபாஸ்ட்' வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். 2015-ல் அமெரிக்கக் கடற்படை போர் விமானத்தின் கேமராவில் பதிவானது. கடல் பரப்பை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி அம்பு மாதிரிப் பாயும். விமானிகளே ஆச்சரியத்தில் கத்துவார்கள். வீடியோ உண்மையானதுதான் என்று 2020-ல் பென்டகனும் உறுதி செய்தது. அவ்வளவுதான், இணையமே பற்றிக்கொண்டது.

நாசா நியமித்த நிபுணர் குழு இந்த வீடியோவை எடுத்துக்கொண்டு, திரையில் தெரிகிற எண்களை வைத்தே கணக்குப் போட்டது. விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்த கோணமும், பொருள் இருக்கும் தூரமும் திரையிலேயே இருக்கின்றன. பள்ளிக்கூட முக்கோணவியல் போதும். அந்தப் பொருள் கடலை ஒட்டி இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது. அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர். அந்த உயரத்தில் சாதாரணமாகக் காற்று வீசும் வேகம் அது.

பின்னே ஏன் அம்பு மாதிரித் தெரிந்தது? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் உள்ள மின்கம்பம் சர்ரென்று பின்னால் ஓடும், தூரத்து மலை அப்படியே நிற்கும். இப்போது அந்த மின்கம்பத்தின் மீதே கண்ணை நிலைநிறுத்திப் பாருங்கள், அதற்குப் பின்னால் இருக்கும் மலை ஓடுவது போலத் தெரியும். அதேதான் இங்கும். வேகமாகப் பறந்தது போர் விமானம். கேமரா அந்தப் பொருளையே குறிவைத்துத் திரும்பியதால், பின்னணியில் உள்ள கடல் ஓடியது. நம் மூளை, கடல் ஓடாது என்று நினைத்து, பொருள்தான் ஓடுகிறது என்று முடிவு கட்டியது. பொருள் என்ன என்பது இந்தக் கணக்கால் தெரியவில்லை. ஆனால் அதிசய வேகம் என்ற பேச்சு அத்துடன் முடிந்தது.

உங்கள் மொட்டை மாடிக்கும் இது பொருந்தும். சாயங்காலம் மேற்கே அசையாமல் ஜொலிப்பது பெரும்பாலும் வெள்ளி கிரகம். மணி கோத்தது போல வரிசையாகப் போகும் விளக்குகள், புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். மின்னாமல், சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து போனால் அது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம்.

உறுதிமொழி எடுத்துச் சொன்னாரே?

2023 ஜூலையில் டேவிட் கிரஷ் என்ற முன்னாள் உளவுத்துறை அதிகாரி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு சாட்சி சொன்னார். விழுந்த விண்கலங்களை அமெரிக்கா ரகசியமாக வைத்திருக்கிறது, மனிதர் அல்லாத உயிரினத்தின் எச்சங்களும் கிடைத்தன என்றார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பலர் கவனிக்காத விஷயம், அவர் எதையும் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் தன்னிடம் சொன்னதைத்தான் சொன்னார்.

இதுபோன்ற புகார்களை விசாரிக்க பென்டகனில் 'ஆரோ' என்ற அலுவலகம் 2022-லேயே அமைக்கப்பட்டிருந்தது. 1945 முதலான ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து 2024 மார்ச்சில் அது அறிக்கை தந்தது. எந்த ஒரு புகாரிலும் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு சிறிய வட்டத்துக்குள் இருப்பவர்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரும்பத் திரும்பச் சொல்லியே இது வளர்ந்தது என்றது அறிக்கை. 'பென்டகனைப் பற்றி பென்டகனே விசாரிச்சா எப்படி?' என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் மறுபக்கம் ஒரு சின்ன உலோகத் துண்டைக்கூட சுதந்திரமான ஆய்வகத்தின் மேசையில் இதுவரை வைக்கவில்லை.

சரி, சிரித்துவிட்டுப் போய்விடலாமா? கூடாது. 2023 பிப்ரவரியில் சீன பலூன் ஒன்று அமெரிக்காவின் குறுக்கே பறந்து, கடைசியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மெதுவாகப் போகும் சின்னப் பொருட்களை அதுவரை ரேடார் பெரும்பாலும் வடிகட்டி ஒதுக்கிவிடும். அந்த வடிகட்டலை மாற்றியதும் அடுத்த சில நாட்களிலேயே இன்னும் மூன்று பொருட்கள் சிக்கின! இம்பாலில் அன்று தெரிந்தது ஒரு ட்ரோன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது தரையிறங்கும் விமானத்தின் இன்ஜினுக்குள் போயிருந்தால்? கேலி செய்வார்களோ என்று பயந்து விமானிகள் புகார் சொல்லாமல் விடுவதே பெரிய சிக்கல் என்று நாசா குழுவும் சொன்னது. ஏலியன் என்று முத்திரை குத்தினாலும், பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கினாலும் விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது.

வருவது அவ்வளவு சுலபமா?

1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியின் தூரத்தை அதே வேகத்தில் கடக்க 75,000 ஆண்டுகள் ஆகும். அவர்களின் தொழில்நுட்பம் நம்மைவிட மேலானதாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 'சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போனாங்க' என்கிற தூரம் இல்லை இது.

பிற நட்சத்திர மண்டலங்களிலிருந்து பொருட்கள் வருவது மட்டும் உண்மை. 2025 ஜூலை 1-ம் தேதி கண்டுபிடிக்கப்பட்ட 3ஐ/அட்லஸ் அப்படி வந்த மூன்றாவது விருந்தாளி. ஹார்வர்டு வானியலாளர் ஆவி லோப் அது செயற்கைப் பொருளாக இருக்கலாமோ என்று கேட்கப்போய் பரபரப்பானது. வாயுவும் தூசியும் வெளியேறுகிறது, வால் நீள்கிறது, இது வால் நட்சத்திரமே என்றது நாசா.

அப்போ உயிரே இல்லையா?

இங்கேதான் முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும். சூரிய மண்டலத்துக்கு வெளியே உறுதி செய்யப்பட்ட கிரகங்களின் எண்ணிக்கை 2025-ல் 6,000-ஐத் தொட்டது. அதில் கே2-18பி என்ற கிரகம் சுமார் 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இந்தியாவில் படித்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் குழு, அதன் காற்று மண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வேதிப்பொருளின் தடயம் தெரிவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அதை உருவாக்குவது பெரும்பாலும் கடலில் வாழும் நுண்ணுயிர்கள்.

ஆனால் அந்த அளவீடு தற்செயலாக வர சுமார் 0.3 சதவீத வாய்ப்பு உண்டு. கேட்க ரொம்பக் குறைவாகத் தெரிந்தாலும், 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல அறிவியலுக்கு இது போதாது. வேறு குழுக்கள் அதே தரவை மறுபடி அலசியபோது அந்தத் தடயம் வலுவாக இல்லை. அதே வேதிப்பொருள், உயிருக்கு வாய்ப்பே இல்லாத ஒரு வால் நட்சத்திரத்திலும் இருந்தது ஏற்கெனவே தெரியும். உயிர் கிடைத்துவிட்டது என்று மதுசூதன் குழுவும் சொல்லவில்லை. தலைப்புகள்தான் சொல்லின.

இதைவிட வலுவான தடயம் பக்கத்து வீட்டில், செவ்வாயில் இருக்கிறது. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ரோவர், ஒரு காலத்தில் ஆறு ஓடிய பள்ளத்தாக்கில் ஒரு பாறையைப் பார்த்தது. 'சேயாவா ஃபால்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மேலே சிறுத்தையின் புள்ளிகள் போல வட்டங்கள். கார்பன் அடங்கிய மூலக்கூறுகளும், பூமியில் நுண்ணுயிர்களின் செயல்பாட்டோடு சேர்ந்து வரும் இரும்புத் தாதுக்களும் அதில் இருப்பதாக 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. உயிர் இல்லாமலும் அந்தத் தாதுக்கள் உருவாக முடியும். எது என்று முடிவு செய்ய, பாறையைப் பூமி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

ரோவர் அந்தப் பாறையில் துளையிட்டு, ஒரு துண்டைக் குழாயில் போட்டு மூடி வைத்திருக்கிறது. அதைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணக்கு வந்ததும் திட்டம் தடுமாறிவிட்டது. குழாய் இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது, ரோவரின் வயிற்றுக்குள்.