பெரிய டயரும் மலைப்பாதையும்

டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் டயர்க்கடை ஒன்று உண்டு. சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, நம்மவர் ஒருவரின் மகன் தான் புதிதாக வாங்கிய பழைய ஜீப்பை அக்கடையின் முன் நிறுத்தியிருந்தான். டார்ஜிலிங் மாவட்டத்துச் சந்தக்பூ மலைக்குப் பெற்றோரையும் தங்கையையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவனுடைய அவா. அதற்காக, வண்டியில் இருந்த 28 அங்குல டயர்களை நீக்கிவிட்டு, 32 அங்குல டயர்களைப் பூட்ட எண்ணியிருந்தான். “மாமா, சக்கரம் பெரிதானால் மலையேற்றம் எளிதாகுமல்லவா?” என்று என்னைக் கேட்டான்.

கேள்வி நியாயமானதே. நம் ஊர் மாட்டுவண்டிகளுக்கு ஆளுயரச் சக்கரம் அமைத்த தச்சர் காரணமின்றி அமைக்கவில்லை. சிறிய சக்கரம் விழுந்து அழுந்தும் குழியைப் பெரிய சக்கரம் அணைத்துக் கடந்துவிடும். கல்லிலும் எளிதில் ஏறும். அச்சும் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். ஆனால் டயரின் குறுக்களவு 4 அங்குலம் கூடினால் அச்சு உயர்வது 2 அங்குலமே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மேலும், மாட்டுவண்டியில் மாடு வண்டியை இழுக்கிறது. சக்கரம் உருள மட்டுமே செய்கிறது. ஜீப்பிலோ சக்கரமே வண்டியைத் தள்ளவேண்டும். இந்த வேறுபாட்டிலேயே சிக்கல் பிறக்கிறது.

இதனைச் சைக்கிளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பல்சக்கரங்கள் ஒரே அளவாக உள்ள இரண்டு சைக்கிள்களில், ஒன்றின் சக்கரம் சிறியது, மற்றதன் சக்கரம் பெரியது என்று வைத்துக்கொள்வோம். ஆதிகங்கையின் மேலுள்ள பாலத்தில் ஏறும்போது, பெரிய சக்கரம் பூட்டியவரே முதலில் மூச்சு வாங்குவார். பெடலை ஒரு சுற்று மிதித்தால் அவர் அதிக தூரம் செல்கிறார்; அந்த அளவுக்கு அதிகமாக அழுத்தியும் மிதிக்கவேண்டும். எஞ்சினுக்கும் இதுவே விதி.

28 அங்குல டயர் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 448 முறை சுழலும். 32 அங்குல டயர் 392 முறை சுழன்றால் போதும். சமவெளியில் இது ஆதாயமாகவே தோன்றும். ஆனால் அச்சு தரும் முறுக்குவிசை முன்பிருந்த அதே அளவுதான். அது தரையைத் தொடும் இடமோ தொலைவாகிவிட்டது. ஆகவே தரையைத் தள்ளும் விசையில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு கியரும் சற்றே மேல் கியரின் குணத்தைப் பெற்றுவிடுகிறது. ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் அதிகம் தேய்ந்து சூடேறும். பெரிய டயரின் எடையும் கூடுதல். அவ்வெடை சக்கரத்தின் விளிம்பில் அமைந்து சுழல்வதால், வேகம் எடுக்கும்போது வண்டியில் ஏற்றிய சுமையைப்போல் ஏறத்தாழ இருமடங்காக எஞ்சினுக்குத் தோன்றும்.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அது 35 என்றே காட்டும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது இறக்கம். சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர். அங்கிருந்து மானேபஞ்சாங்குக்கு இறங்கும் பாதை ஏறத்தாழ 31 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,500 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். இத்தகைய இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடிப்பிலும் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிரேக்கும் அவ்வாறே, காலால் அதே அளவு மிதித்தாலும், பெரிய டயரின் விளிம்பில் கிடைக்கும் தடை குறைவு. எனவே பிரேக்கை அடிக்கடி மிதிக்க நேரும்; மிதிக்க மிதிக்கச் சூடேறும்; சூடேறிய பிரேக் தன் வலிமையை இழக்கும். ஏறும்போது நேரும் குறை நம்மை வழியில் நிறுத்திவிடும். இறங்கும்போது நேரும் குறை நிற்க விடாது.

இதற்குப் பரிகாரம் இல்லையா எனில், உண்டு. பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தோன்றும் பெட்டிக்குள் கிரவுன், பினியன் என்னும் இரு பல்சக்கரங்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பற்களும் கிரவுனுக்கு 39 பற்களும் இருந்தன, விகிதம் 4.88. போருக்குப்பின் உழவுக்கும் இழுவைக்கும் உதவுமாறு பொதுமக்களுக்கு விற்ற ஜீப்பில் கிரவுனுக்கு 43 பற்கள், விகிதம் 5.38. முதல் வகை வண்டியில் 28 அங்குலத்துக்குப் பதில் 32 அங்குல டயரைப் பூட்டினால் விகிதம் 4.27 ஆகத் தாழ்ந்ததற்குச் சமம். கிரவுன் பினியனை 5.38 ஆக மாற்றினால் அது 4.71 ஆக மீளும். இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே விகிதமாக மாற்றவேண்டும், செலவும் இருமடங்கு. அப்போதும் பிரேக்கின் குறை தீராது. வண்டியின் பாரம் உயர்ந்துவிட்டதால் சரிவில் கவிழும் அபாயமும் நீங்காது. தவிர, பதிவுச் சான்றில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதையும் மறக்கலாகாது.

சந்தக்பூப் பாதையில் பல்லாண்டுகள் பயணிகளைச் சுமந்து பெயர்பெற்றவை 1950-களில் செய்யப்பட்ட லாண்ட்ரோவர் வண்டிகள். அவ்வகை வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து 6 அங்குல அகலமுள்ள குறுகிய டயர்களுடனேயே வெளிவந்தன. அவற்றை மலையேற்றியது டயரின் பருமன் அன்று; தாழ்ந்த கியரும், நான்கு சக்கர இழுப்பும், அவசரமறியாத ஓட்டுநரின் கையுமே.

இவற்றையெல்லாம் அவனிடம் சொல்லி முடித்தபோது, அருகிருந்து கேட்ட வங்காளி மிஸ்திரி, பழைய அளவிலேயே ஆழமான வரிகள் கொண்ட டயர்களைப் பூட்டிக்கொள்ளுமாறும், மிச்சப் பணத்தில் பிரேக்கைப் புதுப்பிக்குமாறும் அறிவுரை கூறினார். தனக்குப் பெரிய வியாபாரம் போவதை அவர் பொருட்படுத்தவில்லை. பையனும் அவ்வாறே செய்தான். மலையிலிருந்து திரும்பிய பின், இறக்கம் முழுவதும் தாழ்ந்த கியரில் வந்ததாகவும், பிரேக்கை மிக அருமையாகவே மிதித்ததாகவும், தாயார் வழியில் உறங்கிவிட்டதாகவும் சொன்னான்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. வண்டிச் சக்கரத்துக்கும் அச்சொல் பொருந்தும்.