பத்துமலைக்கு எந்த வாரி?

தைப்பூசத்திற்கு மறுநாள் பத்துமலையில் துப்புரவுப் பணி செய்யலாம் என்று எங்கள் இயக்கம் முடிவு செய்தபோது, வாரி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஹார்ட்வேர் கடையில் ‘பெஞ்சாக்கார்’ என்று கேட்டேன். கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும் என்று எண்ணி, இரும்பு வாரி ஆறு வாங்கிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் என் அறிவு வெளுத்துவிட்டது. அந்தக் குட்டையான இரும்புப் பற்கள் மண்ணைக் கிளறிச் சமன்படுத்துவதற்கும், கல்லையும் கட்டியையும் இழுப்பதற்கும் ஆனவை. புல்தரையில் இழுத்தால் சருகோடு புல்லும் வேரோடு பெயர்ந்து வந்தது. புல்லுக்கு வேண்டியது விசிறி வாரி. அதன் பற்கள் மெல்லியவை, வளைந்து கொடுப்பவை. புல்லின் மேல் தடவிக்கொண்டு சருகை மட்டும் கூட்டி வரும். வாங்கும்போது கம்பை நிமிர்த்திப் பாருங்கள். முகவாய் உயரமாவது இருக்க வேண்டும். குட்டையானால் முதுகு தாங்காது.

272 படிகளில் எந்த வாரிக்கும் வேலையில்லை. குறுகிய படியின் மூலையில் பற்கள் நுழையாது. அங்கே ஈர்க்கு விளக்குமாறுதான். அதுவும் மேலிருந்து கீழே. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது என் பாட்டி தோட்டத்து லயத்து வாசலை இதைக் கொண்டுதான் கூட்டுவார். நான்தான் மறந்துபோனேன்.

தேங்காய் உடைத்த இடத்தில் என் இரும்பு வாரிக்கு வாழ்வு வந்தது. ஈரமும் கனமுமான மூடிகளை விசிறி வாரி அசைக்காது. இரும்புப் பற்கள் இழுத்துக் குவித்துவிடும். ஆனால் பற்களின் இடைவெளியைவிடச் சிறிய சில்லுகள் தரையிலேயே தங்கிவிடும். காவடி எடுப்பவரும் பால்குடம் சுமப்பவரும் வெறுங்காலோடு நடக்கும் இடமல்லவா? ஆகவே வாரிய பிறகு விளக்குமாற்றால் இரண்டு முறை கூட்டினோம்.

இதற்கிடையில் என் வாரி ஒன்று பாதையோரம் பற்கள் மேல்நோக்கிக் கிடந்தது. வெறுங்காலோடு வந்த ஓர் அம்மா ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டார்.

“தம்பி, பல்லைத் தரைப்பக்கம் திருப்பிப் போடுப்பா.”

வேர்த்துவிட்டது எனக்கு.

அடுத்த முறை வாங்கியது: இரும்பு வாரி இரண்டு, விசிறி வாரி நான்கு, ஈர்க்கு விளக்குமாறு பன்னிரண்டு. ஓய்வு நேரத்தில் வாரிகளெல்லாம் சுவரில் சாய்ந்து நின்றன, பற்கள் சுவரைப் பார்த்தபடி.