சிறுவயதில் எடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

ஊரில் இருந்த காலத்தில் கத்தோலிக்கருக்கு ஒரு கோவில், மெதடிஸ்தருக்கு ஒரு கோவில், தென்னிந்திய திருச்சபையாருக்கு ஒரு கோவில் என்று இருந்தது. அவரவர் தத்தம் கோவிலுக்குப் போய் வந்தனர். இடம்பெயர்ந்த பின்னர் நலன்புரி நிலையத்தில் ஒரே வரிசைக் கொட்டில்களில் நான்கு சபைக் குடும்பங்கள் வாழ நேரிடுகிறது. மாலையில் ஒரே பாயில் இருந்து செபிக்கிறார்கள். அது நல்லதே. ஆயினும் ஊரில் எழாத ஒரு கேள்வி அங்கே எழுகிறது. குழந்தையாய் இருந்தபோது தலையில் தண்ணீர் வார்த்தது ஞானஸ்நானம் ஆகாது, விசுவாசித்து, அறிக்கையிட்டு, முழுக வேண்டும் என்று சிலர் போதிக்கின்றனர். மனைவி முழுக விரும்புகிறாள், கணவன் மறுக்கிறான். பேரப்பிள்ளைக்கு ஊரில் செய்தது வீணோ என்று கிழவி கலங்குகிறாள். நிலமும் வீடும் போனபின் மிஞ்சியிருக்கும் குடும்பத்தையும் இக்கேள்வி பிரித்துவிடக்கூடும். ஆகவே அதைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார், பப்ரிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையாரில் மிகப் பெரும்பாலானோர் ஆகிய எல்லோரும் தண்ணீரைக் கொண்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலேயே ஞானஸ்நானம் கொடுக்கின்றனர். ஒருவருக்கு அது ஒரு தடவை மாத்திரமே என்பதையும் எல்லோரும் ஏற்கின்றனர். "மறுஞானஸ்நானம்" என்ற சொல்லை முழுக்குச் சபையார் விரும்பாததற்குக் காரணமும் இதுவே. முதலில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகையால் தாங்கள் கொடுப்பது இரண்டாவது அல்ல என்பது அவர்களுடைய வாதம்.

வேறுபாடு இரண்டு இடங்களில் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்பது ஒன்று. எப்படிக் கொடுப்பது என்பது மற்றது.

இரண்டாவது இலகுவானது. முதல் நூற்றாண்டின் இறுதியை அண்டி எழுதப்பட்டதாகப் பலர் கருதும் "பன்னிருவர் போதனை" என்னும் சிறு நூல் ஓடுகிற தண்ணீரை விரும்புகிறது. அது இல்லாவிடில் வேறு தண்ணீர் போதும் என்கிறது. அதுவும் போதாவிடில் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது. பௌசரில் வரும் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த விதியின் நியாயத்தை விளக்கத் தேவையில்லை. முழுக்கு, மரித்து உயிர்த்தெழுதலை நன்றாகக் காட்டும் அடையாளம் என்பதைத் தண்ணீர் வார்க்கும் சபைகளும் மறுப்பதில்லை.

முதலாவதுதான் கடினமானது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள், பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றதை (அப்போஸ்தலர் 16) எடுத்துக்காட்டுகின்றன. கடவுளின் அருள் நமது அறிவுக்கு முன்னரே வருகிறது; பிள்ளை தாயை அறியமுன்னரே தாய் பாலூட்டுவது போல என்கின்றன. முழுக்குச் சபைகளோ, புதிய ஏற்பாட்டில் விசுவாசம் முதலும் ஞானஸ்நானம் பிறகுமாகவே வருகிறது என்கின்றன. அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை என்றும் சுட்டிக்காட்டுகின்றன. அது உண்மைதான். இருக்கவில்லை என்றும் எழுதப்படவில்லை. வேத வசனங்களை மாத்திரம் வைத்து ஒரு பக்கம் மறுபக்கத்தை வாயடைக்கச் செய்ய முடியாது என்பதை இரு பக்கத்து அறிஞர்களும் நன்கு அறிவார்கள்.

இந்தச் சண்டையில் இரத்தமும் சிந்தப்பட்டிருக்கிறது. 1525 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சிறு குழுவினர், குழந்தையில் பெற்றதை எண்ணாமல், ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்தனர். அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் அந்நகர ஆட்சியினர் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். கொன்றவர்கள் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ஞானஸ்நானத்தைக் கேட்டவருக்குத் தண்ணீராலேயே தண்டனை! இன்று முழுக்குச் சபையாரைப் பரிகசிப்பவர்கள் இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

"ஒரு சபை கொடுத்ததை மற்றச் சபை ஏற்குமா?" என்ற கேள்வி இதைவிடப் பழையது. 303ஆம் ஆண்டில் உரோமப் பேரரசில் பெருங் கலாபனை தொடங்கியது. படையினருக்குப் பயந்து சில குருமார் வேதப் புத்தகங்களைக் கையளித்தனர். கலாபனை ஓய்ந்தபின் வட ஆபிரிக்காவில் ஒரு சாரார், காட்டிக்கொடுத்தவர்களோடு உறவுள்ள குருமார் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று தனிச் சபையாகப் பிரிந்தனர். நெருக்குவாரத்தில் யார் என்ன செய்தார் என்ற கேள்வி ஒரு சமூகத்தை எத்தனை ஆண்டுகளுக்குப் பிளக்கும் என்பது எமது மக்களுக்குத் தெரியாததல்ல. 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், திரித்துவ நாமத்தில் ஞானஸ்நானம் பெற்று வருபவருக்கு மீண்டும் கொடுக்கத் தேவையில்லை, கைகளை வைத்துச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று தீர்மானித்தனர். பின்னர் அகுஸ்தீனார் இதை விளக்க, ஆட்டின் மேலுள்ள குறியை உவமையாக எடுத்தார். வன்னியில் மாடு வளர்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மாடு காணாமற் போய் வேறொருவர் பட்டியில் நின்று திரும்பி வந்தாலும், சுட்ட குறி சொந்தக்காரனுடையதே. திரும்பவும் குறி சுடுவதில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். பப்ரிஸ்த மிஷனரிமார் 1812இலும், மெதடிஸ்தர் 1814இலும், அமெரிக்க மிஷனார் 1816இலும், அங்கிலிக்கரின் சீ.எம்.எஸ். சங்கத்தார் 1818இலும் இலங்கைக்கு வந்தனர். அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபை, 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தென்னிந்திய திருச்சபையில் இணைந்தது. அந்த இணைப்பில் பப்ரிஸ்தர் சேரவில்லை. சேர்ந்த சபைகள் யாவும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வந்தவை. எனவே இந்தச் சிக்கல் அங்கே பெரிதாக எழவில்லை.

ஆனால் இலங்கைக்கென ஒரே திருச்சபை அமைக்கும் திட்டத்தில் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பிரெஸ்பிற்றேரியர், தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் ஆகியவற்றுடன் பப்ரிஸ்தரும் இருந்தனர். தெல்லிப்பழையிற் பிறந்த கலாநிதி டி. ரி. நைல்ஸ் போன்றோர் சபை ஐக்கியத்துக்காக நெடுங்காலம் உழைத்தனர். அத்திட்டம் இரு முறைகளையும் ஏற்றது. நிறைவேறும் தறுவாயில், 1970களில், அது நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டது. தடைக்கு ஞானஸ்நானம் காரணமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கடினமானது என்று எல்லோரும் நினைத்ததில் உடன்பாடு கிடைத்தது. சட்டமும் வாக்குக் கணக்கும்தான் இடறின.

அதேபோன்ற உடன்பாடு 1970 நவம்பர் 29இல் நாக்பூரில் உருவான வட இந்திய திருச்சபையில் நடைமுறைக்கு வந்தது. பப்ரிஸ்தரும் அங்கிலிக்கரும் அதில் ஒன்றாயினர். விரும்பும் பெற்றோர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிள்ளை வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெறும். மற்றப் பெற்றோர் குழந்தையை ஆலயத்தில் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஆசீர்வாதம் பெறலாம். பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்போது ஞானஸ்நானம். இரு வழியிலும் தண்ணீரும், சபையின் வளர்ப்பும், சொந்த அறிக்கையும் உண்டு. ஒழுங்கு மாத்திரமே வேறு. 1982இல் பேரு நாட்டின் லீமா நகரில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையும் இதே பாதையில் சென்றது. மறுஞானஸ்நானமாகக் கருதப்படக்கூடிய எதையும் தவிர்க்கும்படி அது சபைகளைக் கேட்டுக்கொண்டது. கத்தோலிக்க திருச்சபையும் 1983இன் திருச்சபைச் சட்டத்தில், வேறு சபையில் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவருக்கு, பாரதூரமான ஐயம் இருந்தாலன்றி, மீண்டும் கொடுக்கக் கூடாது என வகுத்துள்ளது.

பெந்தெகொஸ்தே சபைகளிற் பல இந்த உடன்பாடுகளுக்கு வெளியே நிற்கின்றன. அவர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி போதிக்கிறார்கள்; அதற்கு உரிமை உண்டு. விசுவாசத்தைப் புதுப்பிக்க விரும்பும் ஒருவர், முன்னர் பெற்றதைப் பொய்யாக்காமலே அதைச் செய்யவும் வழி உண்டு. கத்தோலிக்கர் பாஸ்கா இரவிலும், மெதடிஸ்தர் ஆண்டுதோறும் உடன்படிக்கை ஆராதனையிலும் செய்வது அதுவே. ஒன்றை மட்டும் எந்தச் சபையானாலும் செய்யக் கூடாது. அரிசி, கூரைத்தகடு, பிள்ளைகளின் கொப்பி ஆகியவற்றை ஒரு கையிலும் ஞானஸ்நானத்தை மறு கையிலும் ஏந்தி வரக்கூடாது. பசித்தவன் சொல்லும் "ஆம்" என்பதை விசுவாச அறிக்கை என்று முழுக்குச் சபையாரின் சொந்தப் போதனையே ஏற்காது.

கடைசியாகச் சில நடைமுறை விடயங்கள். ஓடும்போது ஞானஸ்நானப் பத்திரத்தைத் தொலைத்தவர்களும், கோவிற் பதிவேடே எரிந்துபோனவர்களும் உண்டு. பத்திரம் போனதால் ஞானஸ்நானம் போகாது. கத்தோலிக்க சட்டப்படி, பிறருக்குப் பாதகம் இல்லாதவிடத்து, நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். வளர்ந்தபின் பெற்றவராயின் அவரது சத்தியமே போதும். ஞானப்பெற்றோர், மாமி, பக்கத்து வளவுக்காரர் யாராவது உயிரோடு இருந்தால் இப்போதே குருவானவரிடம் கூட்டிச்சென்று எழுதுவித்துக்கொள்ளுங்கள். கலப்பு மணங்களின்போது இது மிகவும் தேவைப்படும். எந்தச் சாட்சியும் இல்லாமல் உண்மையான ஐயம் இருந்தால், "ஏற்கெனவே பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுக்கும் முறை அங்கிலிக்க செபப் புத்தகத்திலும் கத்தோலிக்க வழக்கத்திலும் உண்டு. ஞானஸ்நானப் பத்திரம் அரசாங்கப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு ஈடாகாது. அதைத் தனியாகப் பதிவாளரிடம் எடுக்க வேண்டும்.

குழந்தை சாகும் தறுவாயில், குருவானவர் வரமுடியாத இடத்தில், தாதியோ, தகப்பனோ, அயலவரோ தலையில் தண்ணீர் வார்த்துத் திரித்துவ நாமத்தைச் சொல்லிக் கொடுத்தால் கத்தோலிக்க திருச்சபை அதை ஏற்கும். பிள்ளை பிழைத்துக்கொண்டால் நாள், இடம், வார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக் குருவானவரிடம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். திரும்ப வார்க்க வேண்டியதில்லை.