பக்கவாத்தியம் யார்?

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். "பாட்டு அமோகம், பிடிலும் பரவாயில்லை" என்பார்கள். பக்கவாத்தியம் என்றாலே ஒரு படி தாழ்ந்தது என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. அது சரிதானா என்று ஆராய, இத்தாலி தேசத்து மேதை ஒருவரின் சிருஷ்டிகள் நமக்குத் துணை செய்யும்.

1782-ம் ஆண்டு ஜெனோவா நகரில் பிறந்த நிக்கோலோ பாகனீனி, பிடில் வாசிப்பில் ஐரோப்பாவையே பிரமிக்க வைத்தவர். இது மனுஷ்ய சக்தியால் ஆகிற காரியமல்ல, சைத்தானின் வேலை என்று கூடச் சிலர் நம்பினார்கள். ஆனால் அந்தப் பாகனீனி கிதார் வாசிப்பிலும் கைதேர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். ஊரார் முன்னிலையில் பிடில். நண்பர்கள் கூடிய அறையில் கிதார். இரண்டும் சேர்ந்து ஒலிப்பதற்கென்றே அவர் பல உருப்படிகளை இயற்றினார்.

இவ்விரு வாத்தியங்களின் சேர்க்கை விசித்திரமானது. பிடிலுக்குத் தந்தி நான்கு. வில் ஓடுமளவும் நாதம் நிற்கும், விரும்பினால் வளரவும் செய்யும். கிதாருக்குத் தந்தி ஆறு. விரலால் மீட்டிய கணத்திலேயே நாதம் தேயத் தொடங்கிவிடும். ஆயினும் பல ஸ்வரங்களை ஒருங்கே எழுப்புவது கிதாருக்கு எளிது, பிடிலுக்கு அரிது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. ஆனால் ஓர் அபாயமும் உண்டு. வில்லைச் சற்று அழுத்தினால் போதும், கிதாரின் மெல்லிய குரல் அமுங்கிப் போய்விடும். ஆகவே அடக்கம் தெரியாத பிடில்காரருக்கு இந்தச் சங்கீதம் கைவராது.

மேல்நாட்டு முறையில் யார் எந்த ஸ்வரத்தை வாசிப்பது என்பதை இயற்றியவரே எழுதி வைத்துவிடுகிறார். பாகனீனி எப்படி எழுதினார் என்பதைப் பாருங்கள். 'சென்டோனே' என்ற தொகுதியில் உள்ள 18 ஸொனாட்டாக்களில் பிடில் பாடுகிறது, கிதார் தாங்குகிறது. இது எதிர்பார்க்கக் கூடியதே. 'கிராண்ட் ஸொனாட்டா'விலோ நிலைமை தலைகீழ்! கிதார் தலைமை வகிக்க, பிடில் பின்னால் அடக்கமாக நடக்கிறது. பிடிலின் பங்கு அத்தனை சிறியதாகையால், இன்று கிதார் வித்வான்கள் அதை விட்டுவிட்டுத் தனியாகவே வாசிப்பதும் உண்டு. பிடில் சக்கரவர்த்தி தம் வாத்தியத்துக்குத் தம் கையாலேயே சேவகன் வேஷம் எழுதினார்!

மூன்றாவது வழியும் அவரிடம் இருந்தது. 1804-ம் ஆண்டு இயற்றிய 'ஸொனாட்டா கொன்செர்ட்டாட்டா'வில் எஜமானும் இல்லை, சேவகனும் இல்லை. பிடில் ஒரு வாக்கியம் சொன்னால், கிதார் அதை வாங்கித் தன் பாஷையில் திருப்பிச் சொல்கிறது. கிதார் பேசும்போது பிடில் குரலைத் தாழ்த்தித் துணை நிற்கிறது. இரண்டில் எதை நீக்கினாலும் சம்பாஷணை அறுந்துவிடும்.

பிற்காலத்தில் சங்கீத மண்டபங்கள் பெருத்தன. பியானோவின் முழக்கம் ஓங்கியது. சிற்றறைக்கு ஏற்ற இந்தத் தோழமை ஒதுங்கி நின்றது. எனினும் இந்த உருப்படிகளுக்கு நல்ல ஒலிப்பதிவுகள் உண்டு. அந்த 1804-ம் ஆண்டு ஸொனாட்டாவைக் குடும்பத்துடன் ஒருமுறை கேளுங்கள். பிடில் தணிந்து கிதாருக்கு வழிவிடும் இடங்களில் செவியை வையுங்கள். விட்டுக் கொடுப்பதற்கும் எத்தனை வித்வத்துவம் வேண்டும் என்பது விளங்கும். பிறகு நம்மூர்க் கச்சேரிக்குப் போனால், "பிடிலும் பரவாயில்லை" என்று சொல்ல நா எழாது.